சிவப்பு எரியலையே, செட்டு ஓடுதா?

"லைட்டு சிவப்பா எரியட்டும்மா. அப்பத்தான் பெட்டி முழுசாப் பேசுதுன்னு அர்த்தம்."

சொன்னவர் காதுகுத்து வீட்டின் தாய்மாமன். மைக் செட்டுக்குக் காசு கொடுப்பவரும் அவரே என்பதால் சட்டென்று மறுத்துப் பேச வாய் வரவில்லை. போன தை மாதம், ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். காபிப் பறிப்பு ஏறக்குறைய முடிந்து, பழம் காயவைக்கும் சிமெண்டுக் களத்தைக் கழுவிப் பந்தல் போட்டிருந்தார்கள். களத்தைச் சுற்றி சில்வர் ஓக் மரங்கள், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. ஆறரை மணிக்கே பனி இறங்கிவிட்டது. அந்த மங்கலில் என் பெட்டியின் முன்பக்க விளக்கு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதனால்தான் அவர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. வாரநாட்களில் செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். முகூர்த்த நாட்களில் அப்பா விட்டுப்போன மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கள் வீடு குகையில். ஆடி மாதம் வண்டி வேடிக்கை நடக்கிற அதே குகை. ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்துக்கு மேலே கம்பத்துக்குக் கம்பம் அப்பா கட்டிய குழாய்கள் தொங்கும். கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை, பெட்டிகளின் வரவு, அப்பாவின் முட்டிவலி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் குழாய்கள் பரணுக்குப் போய்விட்டன. இப்போது என்னிடம் இருப்பவை 15 அங்குல ஆக்டிவ் ஸ்பீக்கர் இரண்டு, மைக், போன் எல்லாவற்றின் ஒலியையும் கலந்து பெட்டிக்கு அனுப்புகிற சின்ன மிக்சர் ஒன்று. உதவிக்குச் சித்தி மகன், எனக்குத் தம்பி, வருவான்.

ஆக்டிவ் ஸ்பீக்கர் என்றால் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அப்பாவின் ஆம்ப் தனியாக, இரும்புப் பெட்டி மாதிரி கனக்கும். அதன் மேல் கையை வைத்துப் பார்த்தே "சூடு ஏறுது, கொஞ்சம் இறக்கு" என்பார். என் பெட்டியில் ஆம்ப் பின்பக்கம், இருட்டில், பந்தல் துணியை ஒட்டி நிற்கிறது. அதன் உடம்புக்கு என்ன என்று சொல்ல மூன்று நான்கு குட்டி விளக்குகள்தான். அந்த விளக்குகளின் பாஷை யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். செட்டு வைத்திருப்பவர்களில் பாதிப் பேரையும் இதில் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் குழப்பம் நிறத்திலேயே இருக்கிறது. கரண்டு வந்திருக்கிறது என்பதைச் சில பெட்டிகள் பச்சையில் சொல்லும், சில நீலத்தில். சிக்னல் வருகிறது என்பதற்குப் பெரும்பாலும் பச்சைதான், பாட்டுக்கேற்ப மினுக்கும். எல்லையைத் தொட்டுவிட்டாய் என்பதற்கு மஞ்சளோ சிவப்போ. அதன் பக்கத்தில் லிமிட் என்றிருக்கும், கிளிப் என்றிருக்கும், பீக் என்றும் இருக்கும். பெட்டி தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது என்பதற்கும் சிவப்புத்தான். இதெல்லாம் போதாதென்று, பிள்ளைகள் பிறந்தநாளுக்கு இழுத்து வருகிற ட்ராலி ஸ்பீக்கரில் அதே சிவப்பு 'சார்ஜ் ஏறுது' என்றோ 'பேட்டரி தீரப்போகுது' என்றோ சொல்லும். சிவப்பைப் பார்த்ததும் எந்தச் சிவப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கலாம்தான். ஆனால் அந்த எழுத்து மிளகைவிடச் சின்னது.

தாய்மாமன் பார்த்தது லிமிட் விளக்கை. அது எரிகிற நேரத்தில் உள்ளே லிமிட்டர் என்கிற காவல்காரன் வேலை செய்துகொண்டிருக்கிறான். ஆம்ப் ஓரளவு வோல்டேஜ் வரைதான் வெளியே தள்ள முடியும். அதற்கு மேல் கேட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதைத்தான் கிளிப் ஆகிறது என்கிறோம். அந்த நிலை வருவதற்குள் லிமிட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் சத்தத்தை அமுக்கிவிடும், தவில் அடி போன்ற அந்த ஒரு முகடு கடந்ததும் மறுபடி விட்டுவிடும். ஆகவே தவிலுக்கு ஒருமுறை, பம்பைக்கு ஒருமுறை என்று விளக்கு மின்னிவிட்டுப் போனால் பயப்பட ஒன்றுமில்லை. அணையாமல் நின்று எரிந்தால்தான் வம்பு. இதற்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் சத்தம் கூடாது, பெட்டியின் சூடுதான் கூடும்.

அவருக்கு இப்படியெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியுமா? அவர் ஜீப் ஓட்டுகிறவர். "அண்ணா, அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி ஏறி வர்றீங்க. பாதி வழியில டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போனா, வண்டி நல்லா இழுக்குதுன்னு சந்தோசப்படுவீங்களா?"

சிரித்தார். "அது எஞ்சினும்மா. இது பாட்டுப் பெட்டிதானே?"

பாட்டுப் பெட்டிக்குள்ளும் சூடாகிற ஒன்று இருக்கிறது. அதுதான் வாய்ஸ் காயில், மெல்லிய கம்பியில் சுற்றிய சுருள். ஸ்பீக்கருக்குள் போகிற மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் சத்தமாக மாறும், மிச்சமெல்லாம் அந்தச் சுருளில் சூடாகத்தான் இறங்கும். பெட்டியின் மேல் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பது அந்தக் கண்ணிமைக்கும் நேரத்து முகடுகளின் கணக்கு. மணிக்கணக்கில் தாங்குவது அதைவிட வெகு குறைவு. பாட்டென்றால் ஏற்ற இறக்கம் உண்டு, தவில் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சுருள் மூச்சு வாங்கிக்கொள்ளும். லிமிட்டரைப் போட்டு இடைவிடாமல் நசுக்கினால் இறக்கமே இல்லாமல் போகிறது, மூச்சு வாங்கவும் இடமில்லை. வெட்டுப்பட்ட அலையானால் கணக்கு இன்னும் மோசம். ஒரே உயரமுள்ள சாதாரண அலையைவிட, முழுக்கத் தட்டையாகச் சதுரமாகிவிட்ட அலையில் இரண்டு மடங்கு பவர் இருக்கிறது.

ராத்திரி போகப்போகச் சத்தம் குறைந்த மாதிரி இருக்கிறதே என்று எல்லா விசேஷத்திலும் ஒருவர் வந்து சொல்வார். அது முழுக்கக் கற்பனையும் அல்ல. செம்புக் கம்பி 100 டிகிரி சூடு ஏறினால் அதன் தடை ஏறக்குறைய 39 சதவீதம் கூடும். 180 டிகிரி ஏறினால் 70 சதவீதம். தடை கூடினால் இழுக்கிற பவர் குறையும், சத்தத்தில் 2 டெசிபலுக்கு மேல் காணாமல் போகும். குறைந்துவிட்டதே என்று ஏற்றுவோம், சுருள் இன்னும் சூடாகும், இன்னும் குறையும். அப்பா இதற்கு ஒரே வைத்தியம் வைத்திருந்தார். ஒன்பது மணிக்கு மேல் யாராவது ஏற்றச் சொன்னால், முதலில் கொஞ்சம் இறக்குவார், ரெண்டு பாட்டு கழித்துப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். "இப்பத்தான்பா நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவருடைய பழைய பெட்டிகளில் விளக்கு என்று வெளியே எதுவும் கிடையாது. ஆனால் உள்ளே ஒன்று இருந்தது. சின்ன வயதில், நாடகம் நடக்கும் ராத்திரிகளில், பெட்டியின் முன்பக்க ஓட்டை வழியாக உள்ளே மங்கலாய் ஆரஞ்சு வெளிச்சம் வந்து வந்து போவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே யாரோ பீடி பிடிக்கிறார்கள் என்று தம்பியிடம் சொல்லி அழவைத்ததும் உண்டு. அது ட்வீட்டருக்கு, அதாவது கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கருக்கு, போகிற கம்பியின் நடுவே கோத்துவிட்ட கார் பல்பு. குளிர்ந்த பல்பு இழைக்குத் தடை ரொம்பக் குறைவு, பல்பு இருப்பதே ட்வீட்டருக்குத் தெரியாது. யாரோ மைக்கைத் தட்டி, கூவல் எழும்பி, அளவுக்கு மேல் கரண்டு பாய்ந்தால் இழை சிவந்து தடை பல மடங்கு ஏறிவிடும். வருகிற அடியைப் பல்பு வாங்கிக்கொள்ளும், ட்வீட்டர் பிழைக்கும். ஒரு பல்பு போனால் சில ரூபாய், ட்வீட்டர் போனால் ஒரு முகூர்த்தக் கூலி. இப்போதைய பெட்டிகளில் சிப்புகளை வைத்துச் செய்வதை அந்த இழை தானாகச் செய்துகொண்டிருந்தது. எனக்கு அந்தப் பல்பின் மேல் இன்றைக்கும் ஒரு மரியாதை.

களத்துக்கு வருவோம். ஏழு மணிக்குப் பாட்டு கிழிய ஆரம்பித்தது. பாடுகிறவருக்குத் தொண்டையில் முள் சிக்கியது போல. ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தால் லிமிட் விளக்கு எரியவே இல்லை. பச்சை மட்டும் சாதுவாக மினுக்கிக்கொண்டிருக்கிறது. தம்பி, "அக்கா, காயில் போயிருச்சு" என்று தீர்ப்பே எழுதிவிட்டான். ரெண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி காயில் போகுமா என்று கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

கோளாறு மிக்சரில். மூன்றாவது சேனல் வயர் கரகரத்ததால், போனை மைக் சேனலில் சொருகியிருக்கிறான். அதற்கு முன் அந்தச் சேனலில் பேசிய பெரியவருக்குக் குரல் எழும்பாததால் கெயினை, அதாவது உள்ளே வருகிற ஒலியைப் பெருக்குகிற குமிழை, முக்கால்வாசி திருகி வைத்திருந்தோம். மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில். போனிலிருந்து வருவது அதைவிட எத்தனையோ மடங்கு. சேனலின் நுழைவாசலிலேயே அலையின் தலை போய்விட்டது. அங்கேயும் ஒரு சிவப்பு விளக்கு விடாமல் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் மேல் யாரோ தாம்பூலப் பையை வைத்திருந்தார்கள். வெளியே போகிற அளவைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை இறக்கி வைத்திருந்ததால் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, கிழிந்த ஆனால் அளவான சிக்னல். பெட்டிக்கு அளவுதான் தெரியும், கிழிசல் தெரியாது. கிழிந்த வேட்டியைக் கொடுத்தால் இஸ்திரிக்காரர் கிழிசலோடுதான் தேய்த்துக் கொடுப்பார்.

இதற்குப் பிறகு நான் செட்டு வைக்கும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். முதலில் மிக்சர், அதிலும் சேனல் கெயின். பேசுகிறவர் உச்சத்தில் பேசும்போது சிவப்பு எட்டிப் பார்க்காத இடத்தில் அதை நிறுத்திவிட்டுத்தான் ஃபேடருக்குப் போவேன். பெட்டியின் பின்னால் இருக்கிற குமிழை நடுவில், நேர்மேலே பார்த்த மாதிரி வைத்துவிட்டு அதைத் தொடுவதே இல்லை. பெட்டியில் மைக், லைன் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அது லைனில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். மிக்சரிலிருந்து வருகிற வயரை மைக் பக்கம் தள்ளிவிட்டு, பெட்டி கெட்டுவிட்டது என்று பட்டறைக்குத் தூக்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். யார் என்று சொல்லமாட்டேன், தம்பி இதைப் படிப்பான்.

ஒன்பதேகாலுக்குச் சீர்த்தட்டு வரும் நேரம், இடப்பக்கப் பெட்டி சட்டென்று ஊமையானது. பின்னால் சிவப்பு நின்று எரிகிறது. சில நொடியில் உள்ளே 'டொக்'கென்று ரிலே சத்தம், பாட்டு வருகிறது, பேஸ் ஒரு அடி அடித்ததும் மறுபடி ஊமை. இது இன்னொரு சிவப்பு, பெட்டி தன்னைக் காத்துக்கொள்கிற சிவப்பு. சிக்கல் என்னவென்றால், பல பெட்டிகளில் நாலு வியாதிக்கும் இந்த ஒரே விளக்குத்தான். சூடு மிஞ்சினாலும் எரியும், உள்ளே ஷார்ட் ஆகிக் கரண்டு மிஞ்சினாலும் எரியும், டிரான்சிஸ்டர் வெடித்து ஸ்பீக்கருக்கு டி.சி. எனும் நேர்மின்சாரம் போகப்பார்த்தாலும் எரியும், வருகிற வோல்டேஜ் படுத்துவிட்டாலும் எரியும்.

"ஹீட்டாயிருச்சுக்கா, விசிறி வெக்கலாமா?" என்றான் தம்பி. சேலத்தில், சித்திரை வெயிலில், பெட்டியின் முதுகு மேற்கே பார்த்து நின்றிருந்தால் நானும் அதைத்தான் முதலில் நினைத்திருப்பேன். போன வருடம் அம்மாபேட்டையில் ஒரு பந்தல்காரர் அழகுக்காகப் பெட்டியைப் பட்டுத்துணியால் முழுக்கச் சுற்றி, நாற்பது நிமிடத்தில் அதை மயக்கம்போட வைத்தார். துணியை எடுத்துக் கால்மணி நேரம் விட்டதும் தானே எழுந்துகொண்டது. சூட்டால் வருகிற சிவப்பு அப்படித்தான், ஆறினால் போய்விடும். எந்த வயரும் சொருகாமல், குளிர்ந்த பெட்டியைப் போட்டதுமே சிவப்பு அணையாமல் நின்று எரிந்தால் அது நேர்மின்சாரக் கோளாறாகவோ உள்ளே ஷார்ட்டாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதோடு மல்லுக்கட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் புத்தி. ஆனால் இங்கே நிலைமை வேறு. பனியில் நனைந்த அந்த அலுமினியச் சிறகுகளில் கையை வைத்தால் இளஞ்சூடு, அவ்வளவுதான். பேஸ் அடிக்கும்போது மட்டும் விழுகிறது என்பதும் சூட்டின் குணமல்ல.

மீட்டரை எடுத்தேன். பெட்டிக்கு வருகிற பிளக்கில் 178 வோல்ட். பேஸ் அடிக்கும்போது இன்னும் கீழே. 230க்குச் செய்த பெட்டி, பத்து சதவீதம் இறங்கினால் கூட 207 இருக்க வேண்டும். வீட்டுக்குள் போய் மீட்டர் போர்டில் பார்த்தால் 205. நடுவில் 27 வோல்ட் எங்கே போனது?

வயரில். வீட்டிலிருந்து களத்துக்கு ஒரே வயர், 1.5 ஸ்கொயர் எம்.எம்., சுமார் 80 மீட்டர். போக 80, வர 80. அந்தக் கனத்துச் செம்புக் கம்பி கிலோமீட்டருக்கு 12 ஓம் என்று கணக்கு வைத்தால், 160 மீட்டருக்கு 2 ஓமுக்குக் கொஞ்சம் குறைவு. அதே வயரில் பந்தல்காரரின் 500 வாட் ஹாலஜன் விளக்கு நாலு, காபிக்கு வெந்நீர் வைக்கிற ஹீட்டர் ஒன்று, அப்புறம் நாங்கள். மொத்தம் 14 ஆம்பியர் பக்கம். 14 ஐ 2 ஆல் பெருக்கினால் காணாமல் போன வோல்டேஜ் கிடைத்துவிடும். ஆதாரம் வேண்டுமா? மிச்ச வயரைச் சுருட்டித் திண்ணை ஓரம் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஒரு பூனை படுத்திருந்தது. அந்தக் குளிரில் ஊரிலேயே கதகதப்பான இடம் அதுதான். கையை வைத்துப் பார்த்தேன், பி.வி.சி. குழைய ஆரம்பித்திருந்தது. வோல்டேஜைவிட அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சுருட்டிய வயரில் சூடு வெளியேற வழியில்லை, அப்படியே விட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பூனையை எழுப்பிவிட்டுச் சுருளைப் பிரித்தோம். ஹீட்டரை வீட்டுக்குள் இருக்கிற பிளக்குக்கு மாற்றச் சொன்னேன். வண்டியில் இருந்த எங்கள் 2.5 ஸ்கொயர் வயரை, செட்டுக்கு மட்டும் என்று போர்டிலிருந்து தனியாக இழுத்தோம். பிளக்கில் 201 வந்தது. தாராளம் என்று சொல்ல முடியாது, ஆனால் பெட்டி எழுந்துவிட்டது, மீதி ராத்திரி முழுக்க விழவும் இல்லை. வலப்பக்கப் பெட்டி மட்டும் ஏன் முதலிலேயே விழவில்லை என்று தம்பி கேட்டான். அது ஹாலஜனுக்கு முன்னாலேயே பிரிந்து வந்த இணைப்பில் இருந்தது, நாலைந்து வோல்ட் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

இந்த அமளியில் பந்தல் எலக்ட்ரீஷியன் ஒரு யோசனை சொன்னார்: "அந்த நடு பின்னை ஒடைச்சு விட்ருங்க்கா, ஹம்மும் வராது, ட்ரிப்பும் ஆகாது." எர்த் பின்னை உடைப்பதைப் பற்றி நான் கொஞ்சம் கத்திவிட்டேன். ஹம் என்கிற உறுமல் வருகிறதென்றால் சிக்னல் வயரைப் பார்க்க வேண்டும். ஈரக் களம், வெறுங்கால், கையில் இரும்பு மைக். எர்த் இல்லாத செட்டை அங்கே வைக்க எனக்குத் தைரியம் கிடையாது.

பத்து மணிக்கு நிறுத்திவிட வேண்டும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது, மலைக்கும் அதுதான். அரைமணி நேரம் மிச்சம். தாய்மாமன் மறுபடி பெட்டி முன்னால் வந்து நின்று, விளக்கையே பார்த்துக்கொண்டு, கையை மேலே மேலே என்று ஆட்டினார். பந்தலில் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இரண்டு மடங்கு சத்தமாய்த் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு பவர் வேண்டும், அதற்கு நான் இன்னும் பதினெட்டுப் பெட்டி ஏற்றி வர வேண்டும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

என் பெட்டியில் ஒரு வசதி உண்டு. பின்னால் இருக்கிற சின்னத் திரையில், முன்விளக்கு எதற்கு எரிய வேண்டும் என்று நாமே வைக்கலாம்: லிமிட்டுக்கு, பவருக்கு, அல்லது அணைத்தே விடலாம். அணைத்துவிட்டேன். சிவப்பு இல்லாவிட்டால் பேச்சும் இருக்காது என்று நினைத்தேன்.

ரெண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏம்மா, லைட்டே எரியலையே, செட்டு ஓடுதா?"

அவருக்கு நாலடி தள்ளி, நாகஸ்வரம் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. பின்னால் போய், பவருக்கு என்று மாற்றி வைத்தேன். முன்னால் நீலமாய் ஒரு விளக்கு, அசையாமல், ஆடாமல் எரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்று சொல்லி அவர் சாப்பிடப் போனார்.